கத்திக்காரர் காசிநாதன்

குரும்பலூர்ப் பக்கம் போய்க் காசிநாதன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது; கத்திக்காரர் வீடு என்றால்தான் கை காட்டுவார்கள். கங்கை வரை படையெடுத்துப் போன சோழ ராஜா, திரும்பும் வழியில் தங்கள் அய்யனாருக்குக் கொடுத்த கத்தி என்று அந்த ஊர் நம்பியது. பரம்பரையாக அதைக் காப்பது காசிநாதன் குடும்பம். சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு அதில் அப்படியொரு பெருமை. கல்யாணப் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான்.

கத்தி எப்போதும் சிவப்புத் துணிச்சுற்றுக்குள் இருக்கும். வெறுங்கத்தியைக் காவல்காரர் தவிர யாரும் பார்க்கக்கூடாது. வருடத்துக்கு ஒரு நாள், திருவிழாக் காலையில், அவர் மட்டும் கோயில் கிணற்றில் இறங்கி அதைக் குளிப்பாட்டுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் பாசிப்படி வழுக்கி, கத்தியைக் கிணற்றுக்குள் விட்டுத் தொலைத்தார். மூச்சு முட்ட முட்ட முங்கித் துழாவினார். ஊஹூம், சேறு விடவில்லை. துணிக்குள் ஒரு கட்டையைச் சுற்றி அன்றைக்குச் சமாளித்தார். மறுவாரமே அரியலூர் போய், சுண்ணாம்புக்கல் லாரிகள் நிற்கும் பட்டறையொன்றில், உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தியாக்கிக் கொண்டுவந்தார். கட்டிய மனைவி கலியம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை.

ஊரில் எந்த வழக்கானாலும் அந்தத் துணிச்சுற்றைத் தொட்டுச் சத்தியம் செய்வதுதான் முடிவு. மாட்டைத் திருடிவிட்டு அரைநாள் இல்லவே இல்லை என்று சாதித்த அரியமுத்து, கத்தியை நீட்டியதும் பொலபொலவென்று அழுது ஒத்துக்கொண்டான். அன்று அதை ஏந்தி நின்ற காசிநாதனுக்கும் முதுகு சில்லிட்டது. லாரிப் பட்டைதான் என்று தெரிந்தும், அதன் பிறகு கும்பிடாமல் அதைத் தூக்கியதில்லை.

எழுபத்தேழில் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரே கோயில் முன்னால் கூடிவிட்டது. பிரித்துப் பார்த்தால் காசிநாதன் மானம் போகும், பரம்பரைக் காவலும் போகும்.

நல்லவேளை, அதிகாரி ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தார். "நான் பிரிக்கலை. உள்ள போயி நீங்களே அளந்து சொல்லுங்க. உங்க அப்பா குடுத்த அதே கத்திதானே?"

"ஆமாங்க சார்." கூசாமல் சொன்னார். உள்ளே போய் அளந்து வந்து, துணிச்சுற்றைக் கோயில் படியில் வைத்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

நாட்டாமை வைத்திலிங்கம் சிரித்தார். "காயிதம் என்னத்துக்கு சார்? காசி, கத்தியத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிடு. சாருக்கும் திருப்தியாப் போயிடும்."

ஒரு வார்த்தைதான். தொட்டுச் சொன்னால் எல்லாம் தப்பிக்கும். காசிநாதன் கையைத் தூக்கினார். துணிக்கு ஒரு சாண் மேலே கை நின்றுவிட்டது. ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது.

"முடியல அண்ணே," என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ராஜா கத்தி கெணத்துல கெடக்கு. ஒம்பது வருசமாச்சு. இது லாரிப் பட்டை."

கூட்டத்திலிருந்து அரியமுத்துதான் கத்தினான்: "அட படுபாவி! இந்தப் பட்டைக்கா நான் மாட்டுத் திருட்ட ஒத்துக்கிட்டேன்?"

யாரும் சிரிக்கவில்லை. நாட்டாமை முகம் வெளிறிப்போனது; ஆனாலும் பழகிய வாய் தன்பாட்டுக்குக் கேட்டது: "நீ இப்ப சொல்றது நெசந்தானா? கத்தியத் தொட்டுச் சொல்லு."

காசிநாதன் எழுந்து துணிச்சுற்றின் மேல் கையை வைத்தார். "நெசம் அண்ணே," என்றார்.

ஊர் நம்பியது.