என் பெயரில் இன்னொருத்தி ஆடிய ஃபைனல்

வண்டிகளுக்கு ஒயர் செட் செய்யும் அந்தக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததே வாலிபால் ஆடத் தெரியும் என்பதால்தான். இரண்டாயிரத்துகளின் ஆரம்பம். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் கம்பெனிகளுக்குள் வருஷா வருஷம் போட்டி நடக்கும். எங்கள் கம்பெனி பெண்கள் டீம் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் ஆடியவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தது. எல்லோரும் கான்ட்ராக்ட். காலையில் பிராக்டீஸ், அப்புறம் ஷிப்ட்.

கேன்டீனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நாங்களே கல் பொறுக்கித்தான் கோர்ட் போட்டோம். முதல் சீசனில் ஒரு செட்கூட ஜெயிக்கவில்லை. இரண்டாவது சீசனில் செமி ஃபைனல் வரை போய்த் தோற்றோம். கேப்டன் அத்திப்பட்டுக்காரி. நல்ல உயரம். நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பேன், அவள் அடிப்பாள். மூன்றாவது சீசனில் எங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஃபைனலுக்கு வந்துவிட்டோம்.

ஃபைனலுக்கு மூன்று நாள் முன்னால், ஆள் எடுக்கும் பெர்சனல் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஃபைனலுக்கு பெரிய முதலாளி வர்றாரு. தோத்தா அசிங்கம். மெட்ராஸ் காலேஜ்லேர்ந்து ஆறு பொண்ணுங்க வருது. உங்க பேர்ல அவங்க ஆடட்டும். ஜெர்ஸிய தொவச்சுக் கொண்டாந்து குடுத்துடுங்க."

"அப்ப நாங்க இன்னா சார் பண்றது?" என்றேன்.

"கை தட்டுங்கம்மா."

கேப்டன் சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக் கேட்டேன். "நம்மள பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிகிறாரு. நீ கம்முனு இரு" என்றாள்.

நானும் ஜெர்ஸியைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஃபைனல் அன்று என் நாலாம் நம்பரைப் போட்டுக்கொண்ட பெண் என்னிடமே வந்து, "அக்கா, இது லூசா இருக்கு, பின் இருக்கா?" என்று கேட்டாள். கொடுத்தேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாகவே ஆடினாள்.

அவள் சர்வீஸ் போட வந்தபோது மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். என் லைனில் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்துவிட்டாள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கேலரியிலிருந்து இறங்கிப் போய் நடுவர் மேஜையில் என் கம்பெனி ஐடி கார்டை வைத்தேன்.

"மைக்குல சொல்ற பேரு என்னுது. நான் இங்க நிக்கிறேன் சார்."

ஆட்டத்தை நிறுத்தினார்கள். லிஸ்ட்டையும் கார்டையும் ஒத்துப் பார்த்து, கோப்பையை எதிர் டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆபீசர் என்னைப் பார்த்து, "கம்பெனி மானத்த வாங்கிட்டியே" என்றார். பொய்ப் பெயரில் ஆள் இறக்கியவர் அவர். மானத்தை வாங்கியவள் நானாம்.

மறு வாரமே டீமைக் கலைத்தார்கள். மாதக் கடைசியில் என் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்றார்கள். மற்றவர்களை வைத்துக்கொண்டார்கள், ஆனால் யாரையும் பர்மனென்ட் செய்யவில்லை.

வேறு கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் டிரெயினில் கேப்டன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள்.

"அந்தாளு சொன்னத நீ நம்பிக்கினு இருந்தியே, அது யாரால?"

கவரைப்பேட்டை தாண்டியதும் அவளே கேட்டாள். "நாம ஆடிருந்தா ஜெயிச்சிருப்பமா?"

"தோத்திருப்போம்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு அவ்ளோ கோவம்?"

"தோக்கறதா இருந்தாலும் நாமதான தோக்கணும்? ரெண்டு வருஷமா நாமதான தோத்துக்கினு வந்தோம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொன்னேரியில் நான் இறங்கும்போது வரேன் என்று சொல்லவில்லை, அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.