கடையைப் பார்க்க வந்த அக்கா

கம்பத்தில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு இணையதளம் தொடங்கிய புதிது. பாதுகாப்புக்கென்று என்னென்னவோ செய்து, பணம் கட்டும் பக்கத்தில் பூட்டுப் படமும் போட்டிருந்தேன். அப்படியும் கார்டு எண் கேட்ட இடத்திலேயே எல்லாரும் ஓடிப்போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பெரியகுளத்திலிருந்து ஓர் அக்கா பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார். பெயர்ப்பலகையைப் படித்தார். ஏலக்காயைக் கசக்கி மோந்து பார்த்தார்.

"எவ்வளவு போடட்டும்க்கா?"

"இப்ப வேணாம் தம்பி. கடை நெசமாவே இருக்கான்னு பாக்கத்தேன் வந்தேன். வீட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல வாங்கிக்கிறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். சாயங்காலம் அவருடைய ஆர்டர் வந்தது. கார்டிலேயே பணம் கட்டியிருந்தார்.

மறுநாள் கடை வாசலைப் படம்பிடித்து முதல் பக்கத்தில் போட்டேன். வாசலையே காட்டாமல் பூட்டை மட்டும் காட்டினால் யார்தான் உள்ளே வருவார்கள்?