வல்லை வெளியில் நின்ற பஸ்

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி காங்கேசன்துறையில் இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் சகோதரர் தேவதாஸ் வீட்டில் தங்கல். முன்பு அவர் எங்கள் நாகர்கோவில் சபைக்கு வந்தபோது பழக்கம். பருத்தித்துறை ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி, அதாவது ஆண்டவர் என் வாழ்க்கையில் செய்ததை, சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். நான் கொத்தனார். எட்டாம் வகுப்பு. மேடையில் பேசிப் பழக்கமில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையம். பருத்தித்துறைக்கு 750ஆம் நம்பர் பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தேவதாஸ் முதல் நாளே போய்விட்டார். போகும்போது ஒன்று சொன்னார்.

"பஸ்ஸிலை நோட்டீஸ் ஒண்டும் குடுக்காதேங்கோ அண்ணை. சனம் விரும்பாது. வெளிநாட்டு ஆள் நீங்கள், வில்லங்கம்."

ஊரிலிருந்து கொண்டுவந்த கைப்பிரதிகள் பைக்குள்ளேயே இருந்தன. வேதப்புத்தகமும் அதற்குள்தான்.

பஸ்ஸில் கூட்டம். பாட்டுச் சத்தம். ஆனால் டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை காலி. உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பாயில் ஒரு அம்மா ஏறினார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. என் பக்கத்தில் நின்று, கையிலிருந்த பையை என் மடியில் வைத்தார். கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் பையை வாங்கி வைப்போம். ஆனால் ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவன் மடி நிற்பவருக்கும் சொந்தம் போல. பைக்குள் சுடுதண்ணிப் போத்தல், பழைய பிளாஸ்க், கூடத் துவாய்கள். போத்தலின் சூடு தொடையில் தெரிந்தது.

"ஐயா பாஸ்டரோ?"

"இல்லம்மா. கொத்தனார். வீடு கட்டுற வேலை."

"மேசனோ? பிறகேன் உதிலை இருக்கிறியள்?"

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேல் 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருந்தது. சட்டென்று எழுந்தேன். கண்டக்டர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்கோ ஐயா. ஒரு குருக்களும் ஏறேல்லை. ஏறினால் நானே எழுப்புறன்."

பின்னால் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நீர்வேலி வாழைத்தோட்டங்கள் தாண்டும்வரை கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்தார்.

"என்ரை மகளை மந்திகை ஆஸ்பத்திரியிலை உள்ளுக்குக் கொண்டு போட்டினம். வெட்டித்தான் பிள்ளையை எடுக்கினமாம். முதல் பிள்ளை தங்கேல்லை. ஒருக்கால் செபம் பண்ணுங்கோ."

"நான் பாஸ்டர் இல்லம்மா."

"மேசன் கேட்டால் உங்கடை ஆண்டவர் குடுக்கமாட்டாரோ?"

ஆண்டவரும் தச்சு வேலை செய்தவர்.

"மகள் பேரு என்னம்மா?"

"தர்சினி."

கண்ணை மூடினேன். பாட்டுச் சத்தத்தில் அந்த அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினேன். "ஆண்டவரே, தர்சினி உள்ளே இருக்கிறா. பயந்துபோய் இருப்பா. நீங்க பக்கத்துல இருங்க..."

பஸ் நின்றது. இஞ்சின் நின்றது. பாட்டும் நின்றது. என் குரல் மட்டும் பஸ் முழுக்கக் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். வல்லை வெளி. இரண்டு பக்கமும் வெட்டவெளி, தண்ணீர், காற்று. ரோட்டோரம் முனியப்பர் கோயில். இந்த வழியில் போகிற வண்டிகள் இங்கே நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போகுமாம். எனக்குத் தெரியாது. கண்டக்டர் கற்பூரத்தோடு இறங்கிப் போனார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கண்டக்டர் திரும்பி வந்தார். பஸ் கிளம்பவில்லை. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? முடியுங்கோ. பிறகு எடுக்கிறன்."

"நேரம் போகுது அண்ணை!" பின்னாலிருந்து ஒருவர்.

"உமக்கென்ன, தாலி கட்டப் போறீரோ? பொறும்."

மறுபடி கண்ணை மூடினேன். "தாயும் பிள்ளையும் நல்லபடியா வெளிய வரணும். ஆமென்." அவ்வளவுதான் வந்தது. யாரோ ஒருவர் கூடவே ஆமென் சொன்னார். யார் என்று பார்க்கவில்லை. இஞ்சின் உறுமியது.

கண்டக்டர் திருநீறு கொண்டுவந்தார். அந்த அம்மா பூசிக்கொண்டார். கண்டக்டர் என் முன்னால் வந்ததும் நான் திருநீறு எடுக்காமல் கை கூப்பினேன். தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். முகம் மாறவில்லை.

மந்திகையில் அந்த அம்மா இறங்கி ஓடினார். பஸ் நகர்ந்த பிறகுதான் மடியில் சூடு தெரிந்தது. பை என்னிடம்.

"நிறுத்துங்க!"

"ஓடுங்கோ மேசன், ஓடுங்கோ!" கண்டக்டர் கத்தினார். பஸ்ஸே கத்தியது.

என் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கி, விசாரித்து ஆஸ்பத்திரிக்குள் போனேன். வராந்தா பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மருமகன் சுவரோடு நின்றான். செய்தி வரவில்லை. பையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். கூட்டம் பத்து மணிக்கு. போக மனம் வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெயில் வராந்தாவுக்குள் ஏறியபோது தாதி வந்தார்.

"தர்சினியின்ரை ஆக்கள் ஆர்? பொம்பிளைப் பிள்ளை. ரண்டு பேரும் சுகம்."

மருமகன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த அம்மா என் மடியிலிருந்த பையைத் திறந்தார். போத்தல் மூடியில் தேநீர் ஊற்றி முதலில் எனக்கு நீட்டினார்.

"குடியுங்கோ மேசன்."

குடித்தேன். இஞ்சி போட்டது. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இந்த முறை சத்தமில்லாமல்.

பருத்தித்துறை போனபோது கூட்டம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தேவதாஸுக்குக் கொஞ்சம் வருத்தம். நடந்ததைச் சொன்னேன். "அப்ப சாட்சி சொல்லியாச்சு" என்றார்.

மாலை நாலரைக்குத் திரும்பும் பஸ். முதல் இருக்கை காலியாகத்தான் இருந்தது. நான் நின்றுகொண்டேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, காதில் பூ. என் கையிலிருந்த பையைத் தானே வாங்கி மடியில் வைத்தார். வேதப்புத்தகமும் கைப்பிரதியும் சேர்ந்து நல்ல பாரம். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணம் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.