எட்டாம் நம்பர் சைக்கிளின் முன்சக்கரம்

எதையாவது செய்கிறவர் தான் செய்ததை எடுத்துக் காட்டலாம். தச்சர் கதவைக் காட்டுவார். சமையல்காரர் பாத்திரத்தைத் திறந்து காட்டுவார். காவல் காக்கிறவர் எதைக் காட்டுவது? நேற்று இருந்தது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது என்பதையா? அதை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? ஜொஹரா பீவியின் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கை இப்படியொரு கேள்வியைத்தான் கேட்டபடி இருந்தது. அவர் அதைக் கேள்வியாக நினைத்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பது வருடம் அவர் சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தினார். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு ஸ்டூல், ஒரு டப்பா சாக்பீஸ். சைக்கிளின் சீட்டில் சாக்பீஸால் நம்பர் போடுவார். அதே நம்பர் எழுதிய அட்டைத் துண்டைக் கையில் கொடுப்பார். அட்டை இல்லாமல் வருகிறவர் யாராக இருந்தாலும் சைக்கிள் கிடைக்காது. கொட்டும் மழையில் வந்து நின்ற ஒரு பேராசிரியரை, அட்டையைத் தேடி எடுத்து வாருங்கள் என்று வீட்டுக்கே திருப்பி அனுப்பியவர் அவர். இனிமையாகப் பேச அவருக்கு வராது. வரவேண்டும் என்று அவர் முயன்றதும் இல்லை. புகழ்ந்து சொல்ல இதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பத்தொன்பது வருடத்தில் அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு சைக்கிள்கூடக் காணாமல் போகவில்லை. அவரிடம் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். இடத்துக்காரர் அங்கே கடைகள் கட்டியபோது கொட்டகை போயிற்று. பெருமை மட்டும் கூடவே வந்தது.

அதோடுதான் அவர் ஒரு ரிசார்ட்டுக்கு, அங்கிருந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். கிள்ளையைத் தாண்டி, சதுப்புநிலக் காட்டைப் பார்த்தபடி இருந்தது அது. முதலாளி ஞானசேகரன் சென்னைவாசி. மாதம் ஒருமுறை வந்து எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். விருந்தினர் சுற்றி வர பன்னிரண்டு கியர் சைக்கிள்கள் வாங்கிப் போட்டிருந்தார். பாறையிலும் சரிவிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த சைக்கிள்கள். சிதம்பரத்துக்கும் கடலுக்கும் நடுவில் மலை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே உயரமான இடம் ரயில்வே மேம்பாலம்.

விருந்தினர்கள் தலைக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு, போருக்குக் கிளம்புவதுபோல் கிளம்புவார்கள். படகுத்துறை ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் சைக்கிளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வெயில் என்று சொல்லி ஆட்டோவில் திரும்பி வருவார்கள். சைக்கிள் எங்கே என்று கேட்டால், "அங்கதான் இருக்கு" என்பார்கள். தாங்கள் விட்டுவிட்டு வருவதையெல்லாம் பின்னாலேயே வந்து எடுத்துவைக்க உலகம் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஜொஹரா பீவி சேர்வதற்கு முந்தைய மூன்றே மாதத்தில் நான்கு சைக்கிள்கள் போயிருந்தன.

மேனேஜர் பாலகுமார் கடலூர்க்காரர். திருட்டைத் தடுக்க அவர் மூன்று காரியம் செய்தார். ஒரு கேமரா வைத்தார். அது நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு' என்று ஒரு பலகை மாட்டினார். பிறகு நம்பர் பூட்டுகள் வாங்கினார். விருந்தினர்கள் நம்பரை மறந்துவிட்டுத் தொல்லை கொடுத்ததால், எல்லாப் பூட்டுக்கும் ஒரே நம்பராக 4144 என்று வைத்துவிட்டார். சிதம்பரத்தின் டெலிபோன் கோடு. ரிசார்ட்டின் வாசல் பலகையிலேயே பெரிதாக எழுதியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஜொஹரா பீவி கேட்டார். "இதுக்குப் பூட்டே வேணாமே தம்பி?"

"கெஸ்ட்டுங்க மறந்துடறாங்க பாயம்மா. அவுங்களுக்கு ஈஸியா ஞாபகம் இருக்கணும்ல?"

"திருடனுக்கும் ஈஸியா ஞாபகம் இருக்கும்ல?"

வாட்ச்மேன் கோவிந்தசாமி சிரித்துவிட்டார். பாலகுமார் சிரிக்கவில்லை. நம்பரையும் மாற்றவில்லை.

ஆவணியில் பாலகுமாருக்குப் புதுமனை புகுவிழா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வைத்துக் கட்டியிருந்தார். ரிசார்ட் ஆட்கள் எல்லோரும் வேனில் போனார்கள். வாசலில் செருப்பு மலையாகக் குவிந்து கிடந்தது. ஜொஹரா பீவி கல்யாண மண்டபங்களில் எப்போதும் செய்வதையே அங்கேயும் செய்தார். ஒரு செருப்பைக் கேட்டுக்குப் பக்கத்தில் விட்டார். இன்னொன்றைப் பத்தடி தள்ளி, சுற்றுச்சுவரோரமாக இருந்த செம்பருத்திச் செடியின் அடியில் விட்டார். விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த பாலகுமார் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னா பாயம்மா, எங்க வூட்டுக்கு வந்துமா திருட்டு பயம்?" என்றார், நாலு பேர் காதில் விழும்படி.

"திருடன் வூட்டயா பாத்து வர்றான்? கூட்டத்தப் பாத்துதான் வர்றான் தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ரிசார்ட் சமையல்காரரின் புதுச் செருப்பைக் காணவில்லை. ஜொஹரா பீவியின் செருப்பு இரண்டும் விட்ட இடத்தில் விட்டபடியே கிடந்தன. திரும்பும் வழியில் வேனில் ஜொஹரா பீவி தன் செருப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து வேலை முறை மாறியது. கியர் சைக்கிளில் முன்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம். அச்சில் உள்ள சின்னக் கைப்பிடியைத் தூக்கிச் சுற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். மாலை ஆறு மணிக்கு, மிஞ்சியிருந்த எட்டு சைக்கிள்களின் முன்சக்கரங்களையும் கழற்றினார். ஸ்டோர் ரூம் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினார். சாவி அவர் இடுப்புப் பையில். சைக்கிள்கள் மட்டும் ரிசார்ட் கொட்டகையில் ஒரே சங்கிலியில், நம்பர் பூட்டோடு நின்றன. சீட்டுக்கு அடியில் ஆணியால் நம்பர் கீறினார். சக்கரத்தில் அதே நம்பரைக் கீறினார். பழைய சாக்பீஸும் அட்டைத் துண்டும்தான், வேறு உருவத்தில்.

"என்னா யக்கா, எல்லாம் மூக்கறுபட்ட மாதிரி நிக்குது?" என்றார் கோவிந்தசாமி.

"ஒத்தச் செருப்ப எவண்ணே தூக்குவான்?"

ஆறு மாதம் ஒன்றும் போகவில்லை. விருந்தினர் சைக்கிளை விட்டுவிட்டுத் திரும்பிய நாட்களில் ஜொஹரா பீவியே படகுத்துறைக்கு நடந்துபோய், அநாதையாக நின்ற சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலாளி ஞானசேகரன் ஒருமுறை வந்தபோது கொட்டகையைப் பார்த்துத் திருப்தியாகச் சொன்னார்: "பரவாயில்லயே பாலா, கேமரா நல்லா வேலை செய்யுது." பாலகுமார் அடக்கமாகப் புன்னகைத்தார். கேமரா அப்போதும் நீச்சல்குளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மாசி மகம், ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வரும் நாள். சாலை முழுக்க ஜனம். ஆட்கள் பாதிப் பேர் லீவு. அன்று மாலையும் ஜொஹரா பீவி எட்டுச் சக்கரங்களையும் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை கொட்டகையில் ஏழு சைக்கிள்களே நின்றன. எட்டாம் நம்பர், ஆரஞ்சு நிறத்தது, இல்லை. சங்கிலியை யாரும் அறுக்கவில்லை. நம்பர் பூட்டு திறந்து தொங்கியது. 4144.

ஸ்டோர் ரூமில் எட்டாம் நம்பர் சக்கரம் மற்ற ஏழோடு ஆணியில் அப்படியே இருந்தது. ஜொஹரா பீவி அதை எடுத்து, கீறிய நம்பரைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். ஒற்றைச் செருப்பையும் தூக்க ஒருவன் இருக்கிறான் என்பது அவர் கணக்கில் இல்லை.

பாலகுமார் அன்றே ஒரு தாள் டைப் செய்துகொண்டு வந்தார். 'பொறுப்பாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட திருட்டு' என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்து போடுங்க பாயம்மா. ஃபார்மாலிட்டிதான்."

"என் கையில ஒண்ணும் போவல. பூட்டு நம்பர மாத்துங்கன்னு எத்தினி தபா சொன்னேன்?"

"அதெல்லாம் மொதலாளிகிட்ட சொல்லிக்குங்க. திங்கக்கெழம பதினோரு மணிக்கு வர்றாரு. வேலைல வச்சிக்கிறதா வேணாமான்னு அவரே முடிவு பண்ணட்டும்."

வேலையைவிட அவருக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பத்தொன்பது வருடம், அதற்குமேல் ஆறு மாதம். என் கையிலிருந்து ஒன்றுகூடப் போனதில்லை என்று யாரிடமும் இனிச் சொல்ல முடியாது. சொன்னால், அவர் கையெழுத்துப் போடாத அந்தத் தாளே பதில் சொல்லும்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் ஃபஹீமாவைக் கடலூர் முதுநகரில் கொடுத்திருந்தது; ஜொஹரா பீவி அங்கே போயிருந்தார். டாக்டர் தன்னை நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஃபஹீமா அம்மாவை சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போனாள். காலை ஏழு மணி. உடம்பைக் குறைக்க வந்தவர்கள் போண்டா கடையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஓர் ஆரஞ்சு நிற சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவர் பாலகுமார். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை.

சைக்கிள் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னால் தடித்த கியர் சக்கரம். முன்னால் ஏதோ சாதா சைக்கிளின் ஒல்லிச் சக்கரம், இரண்டு பக்கமும் வாஷர் அடுக்கி எப்படியோ மாட்டியிருந்தார்கள். டிஸ்க் பிரேக்கின் வாய் கவ்வ ஒன்றும் இல்லாமல் திறந்து கிடந்தது. நிறுத்துவதற்கு அவர் காலையும் தரையில் தேய்க்கவேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய வீடு கட்டியவருக்கு இது போதுமானதாக இருந்தது. இறங்கியதும், விளக்குக் கம்பத்தோடு சேர்த்து நம்பர் பூட்டு போட்டார். நம்பரைக் கலைத்துவிட்டு, இரண்டுமுறை இழுத்தும் பார்த்தார். பிறகு போண்டா கடைக்கு நடந்தார்.

"ம்மா, அது ஒங்க மேனேஜர் இல்ல?"

ஜொஹரா பீவி கம்பத்தருகே போய்க் குனிந்தார். சீட்டுக்கு அடியில் ஆணிக் கீறல் இருந்தது. எட்டு.

ஃபஹீமா அதற்குள் போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டாள். சைக்கிளை ஒன்று, நம்பரை ஒன்று, வாயில் போண்டாவோடு நின்ற பாலகுமாரை ஒன்று.

"இப்பவே ஒங்க மொதலாளிக்கு அனுப்புறேன். நம்பரு குடு."

"வச்சிரு."

"எதுக்கு வச்சிருக்கணும்? திருட்டுப் பட்டம் ஒனக்கு, சைக்கிள் சவாரி அவனுக்கா?"

"வா, வெயில் ஏறுது. நீ நடக்கத்தான வந்த?"

வாழ்நாளில் முதல்தடவையாகக் காட்டுவதற்கு என்று அவருக்கு ஒன்று கிடைத்திருந்தது. மூன்று படங்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஞானசேகரன் முன்னால் நீட்டினால் போதும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ரிசார்ட்டுக்கு வந்தார். ஸ்டோர் ரூமைத் திறந்து எட்டாம் நம்பர் சக்கரத்தை ஆணியிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, ஒரு சாக்கில் சுற்றினார். சாவியை இடுப்புப் பையிலிருந்து எடுத்து கோவிந்தசாமியிடம் கொடுத்தார்.

"எங்க யக்கா? மொதலாளி வர்ற நேரத்துல?"

"கடலூருக்கு."

"சக்கரத்தோடவா? அடி ஆத்தி! இத எடுத்துட்டுப் போனா மிச்சத்தயும் நீதான் எடுத்தன்னு எழுதிடுவான் அந்தாளு."

"ஏழு சக்கரம் ஆணில இருக்கு. எண்ணிக்கண்ணே."

சிதம்பரத்தில் பஸ் மாறினார். கண்டக்டர் அவர் மடியிலிருந்த சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, சக்கரம் மட்டும் போவுது? சைக்கிள் எங்க?" என்றார்.

"அது முன்னாடியே போயிடுச்சு."

பதினோரு மணிக்கு ரிசார்ட்டில் ஞானசேகரன் அவரைத் தேடினார் என்றும், ஆள் இல்லை என்றதும், தப்பு அவர்மேல்தான் என்று பாலகுமார் சொன்னதை அப்படியே நம்பினார் என்றும் கோவிந்தசாமி பிற்பாடு சொன்னார். மலேசியாவிலிருந்து வந்து வீட்டோடு இருந்த கணவர் ஹாமித் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். "படத்தக் காட்டிருந்தா அவன் மானம் போயிருக்கும்ல புள்ள?" என்பார். ஜொஹரா பீவி, "சோறு போடவா?" என்பார். ஃபஹீமாவின் போனில் மூன்று படங்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றை அம்மா அழிக்கவும் சொல்லவில்லை, அனுப்பவும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் பாலகுமாரின் புது வீட்டு வெளிக்கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஆரஞ்சு சைக்கிள் படிக்குக் கீழே, ஒல்லிச் சக்கரத்தோடு நின்றது. பின்பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. ஜொஹரா பீவி உள்ளே போனார். செம்பருத்திச் செடியின் அடியில், புதுமனை புகுவிழா அன்று ஒரு செருப்பை விட்ட இடத்திலேயே, எட்டாம் நம்பர் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். கீறிய நம்பர் வெளியே தெரியும்படி கொஞ்சம் திருப்பினார். அழைப்பு மணியைத் தொடவில்லை. சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, கேட்டை முன்பு இருந்தபடியே சாத்தினார்.