அம்மாவின் முழங்கால்களும் தர்சினி மிஸ்ஸும்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். கனடாவிலிருந்து வந்திருக்கும் அண்ணை, "நீதானே அம்மாவோடை கடைசிவரை இருந்தனி, நீயே எழுது" என்று இந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். அச்சுக்குப் போகுமுன் அவர் இதைப் பார்க்கக் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

அம்மா அச்சுவேலியில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். பதினெட்டு வயதில் கோப்பாய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எங்கள் ஐயா வெங்காயம் நட்டார், அம்மா குந்தியிருந்து களை பிடுங்கினார். ஐயா மாரடைப்பில் போனபின் தோட்டத்தையும் எங்கள் இருவரையும் தனியே பார்த்தார். இடம்பெயர்ந்தபோது தலையில் மூட்டையுடன் தென்மராட்சி வரை நடந்தார். யாரைப் பற்றியும் புறம் கதைக்காதவர். அந்தக் குணம் என்னிடம் வந்து சேரவில்லை என்பதை வாசித்து முடிக்கும்போது அறிந்துகொள்வீர்கள்.

அண்ணை பத்திரமாக வெளிநாடு போய்ச் சேர்ந்தால் ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவில் அடியழிப்பதாக அம்மா எங்கள் அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தார். தேருக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டு, எழும்பி, நெற்றி பட்ட இடம்வரை நடந்து, மறுபடி விழுந்து, வீதி முழுவதும் அப்படியே போக வேண்டும். சுடுமணலில் முழங்கால் ஊன்றி இருபது வருடத்துக்கு மேல் அதைச் செய்தார். எனக்காக ஒரு தேங்காயாவது உடைத்தாரா என்று நான் ஒருமுறை கேட்டேன். "நீ எங்கை போட்டாய், இஞ்சைதானே நிக்கிறாய்" என்றார். கூடவே நிற்பவளுக்கு நேர்த்தி தேவையில்லை என்பது அவர் கணக்கு.

முழங்கால்கள் வீங்கி, கதிரையிலிருந்து எழும்ப நான்கு தரம் ஆட வேண்டி வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூட்டுத் தேய்மானம் என்றார் டொக்டர். மாத்திரையைக் குறைவாகவும் பயிற்சியைக் கூடுதலாகவும் எழுதி, கீழ்மாடியிலுள்ள இயன்மருத்துவப் பிரிவுக்கு, அதுதான் பிசியோதெரப்பிக்கு, அனுப்பினார். அங்கே இருந்தவர்தான் தர்சினி மிஸ். முப்பது வயது இருக்கும், மெல்லிய குரல். அவரைக் கண்ட முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் எதுவும் இல்லை, "அம்மா" என்று கூப்பிட்டார், அவ்வளவுதான்.

துவாயை உருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதைக் கீழ்நோக்கி அமத்தி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு காலை நீட்டியபடி தூக்க வேண்டும். பிறகு கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருக்க வேண்டும். வலது முழங்கால்தான் கூட நோகிறது என்பதால் ஊன்றும் பொல்லை இடக் கையில் பிடிக்க வேண்டும் என்று மிஸ் சொன்னார். நான் வாங்கிக் கொடுத்த பொல்லை அம்மா அதுவரை வலக் கையில்தான் பிடித்திருந்தார். "ஆர் உங்களுக்கு உப்பிடிப் பிடிக்கச் சொன்னது?" என்று மிஸ் சிரித்தார். அம்மா என்னைக் கையால் காட்டினார்.

திருவலையில் குந்தித் தேங்காய் துருவ வேண்டாம் என்று பத்து வருடம் நான் சொல்லியிருப்பேன். அம்மா காதில் வாங்கியதில்லை. மிஸ் ஒருதரம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் திருவலையை என்னிடம் நீட்டி, "இனி நீ துருவு, மிஸ் வேண்டாமெண்டவ" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை கிளினிக் என்றால் விடியவே சேலை உடுத்து, பவுடர் பூசி, கதிரையில் தயாராக இருப்பார். அதுவரை அப்படி அவர் வெளிக்கிட்டு இருந்தது அண்ணை வீடியோவில் கதைக்கும் நாட்களில் மட்டும்தான். தபாற்கந்தோரில் எழுதுநராக இருக்கும் நான் அரை நாள் லீவு போட்டு, ஓட்டோ பிடித்து, வரிசையில் நம்பர் எடுத்து, அவரைக் கூட்டிப்போவேன். உள்ளே போனதும் நான் யாரோ.

அடியழிப்பதைப் பற்றி அம்மா பயந்து பயந்து கேட்டார். "அம்மன் உங்களிட்டை முழங்காலைக் கேட்டவவோ?" என்றார் மிஸ். "நடந்து சுத்துங்கோ அம்மா. தேருக்கு முதல் நான் உங்களை நடக்கப் பண்ணிறன்." அம்மா சிறுபிள்ளை மாதிரித் தலையாட்டினார். அந்த வருடத் தேருக்கு, இடக் கையில் பொல்லுடன், வீதியை முழுதாக ஒரு சுற்று நடந்தார். குடையும் தண்ணீர்ப் போத்தலும் பிடித்தபடி நான் பக்கத்தில் நடந்தேன். கண்டவர்கள் எல்லோரும் "ஆர் தெரப்பி செய்தது?" என்றுதான் கேட்டார்கள். குடை பிடித்தவளை ஒருவரும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் வீடியோவில் அண்ணையிடம் அம்மா சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. "தம்பி, எனக்கு இப்ப ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். இளையது தங்கமான குஞ்சு. மூத்தது கொஞ்சம் கோவக்காரி."

குஞ்சு என்று அம்மா என்னைக் கடைசியாக எப்போது கூப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அடுத்த செவ்வாய் அவர் சேலை உடுத்து இருந்தபோது சொன்னேன்:

"இண்டைக்குப் போகத் தேவையில்லை. மிஸ்ஸை வவுனியாவுக்கு மாத்திப்போட்டினமாம்."

ஆம், அது பொய். அதை ஏன் சொன்னேன் என்பதை நன்றாக அறிந்தே சொன்னேன். இனி அம்மாவுக்குப் பத்து எண்ணுவது நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"சொல்லாமல் போற பிள்ளை இல்லையே அவ" என்றார் அம்மா. என் வார்த்தையை அப்படியே நம்பினார். வேறொரு மிஸ்ஸிடம் போக மறுத்துவிட்டார். பிறகு அயல் பிள்ளை ஒன்றைப் பிடித்து எள்ளுருண்டை பிடிப்பித்து, டப்பாவில் போட்டு, துணி சுற்றித் தைத்து, "உன்ரை கந்தோராலை மிஸ்ஸுக்கு அனுப்பிவிடு, வவுனியா ஆஸ்பத்திரியெண்டு எழுது, போய்ச் சேரும்" என்று தந்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் என் கைக்கு வந்து போகாமல் நின்ற பார்சல் அது ஒன்றுதான். மேசை லாச்சியில் வைத்து, தேநீரோடு ஒவ்வொன்றாக நானே தின்று முடித்தேன். நல்ல ருசி. எனக்கென்று அவர் அப்படிச் செய்விக்கவில்லையே என்ற எரிச்சலோடுதான் தின்றேன். அம்மா ஒரு மாதம்வரை "பதில் ஏதும் வந்ததோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

துவாயை உருட்டிக்கொண்டு நான் பக்கத்தில் போய் இருந்தேன். நான்கு நாள் செய்தார். ஐந்தாம் நாள், "நீ அவசரமாய் எண்ணுறாய். அவ ஆறுதலாய் எண்ணுவா" என்று காலை மடக்கிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. "அப்ப செய்யாதேங்கோ" என்றுவிட்டு எழும்பிப்போனேன். மாரி தொடங்க முழங்கால்கள் இறுகிவிட்டன. கிணற்றடிக்குப் போவதும் நின்றது. அந்த நேரத்தில்கூட ஒரு வார்த்தை சொல்லி, ஒரு ஓட்டோ பிடித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். மிஸ் வந்துவிட்டார் என்று சொன்னால் அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

இந்த வருடத் தேருக்கு அம்மா கோயில் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தேர் அவரைத் தாண்டிப் போனது. இருந்தபடியே கைகூப்பினார்.

இரண்டு மாதம் கழித்து நெஞ்சில் சளி கட்டி, ஐந்து நாள் வார்டில் இருந்து, ஒரு காலை அமைதியாகக் காலமானார். சாவீட்டுக்குத் தர்சினி மிஸ் வந்தார். மரண அறிவித்தலைப் பார்த்ததாகச் சொன்னார். அம்மாவின் காலடியில் நின்று அழுதார். "ஆர், மகளோ?" என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா ஏன் அக்கா பிறகு வரேல்லை? நான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "அவவுக்கு வர விருப்பமில்லை" என்றேன்.

இனி நன்றி கூற வேண்டும். செய்தி கேட்டவுடன் ஓடி வந்த அயலவர்களுக்கும், பந்தலும் சமையலும் பார்த்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், வார்டில் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தர்சினி மிஸ், இந்த மலரில் ஒன்று உங்களுக்கும் வரும். அதை என் கையாலேயே தபாலில் சேர்ப்பேன். அம்மாவை ஒரு சுற்று நடக்க வைத்ததற்கு நன்றி. அவருக்கு வர விருப்பமில்லை என்று நான் சொன்னது பொய். இதை எழுதும்போதும் உங்கள் மேல் எனக்குள்ள பொறாமை தீரவில்லை, அதையும் மறைக்கவில்லை. அந்த ஐந்து நாளும் கட்டிலருகே இருந்து, வாய் நனைத்து, கால் பிடித்துவிட்டது நான். "மிஸ் வவுனியாவிலையிருந்து வந்திட்டாவோ?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார். இன்னும் இல்லை என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். நீங்கள் அப்போது அதே கட்டிடத்தில், கீழ்மாடியில் இருந்தீர்கள்.