உப்பு வண்டிக்கு நல்ல தண்ணீர்

ஜான்சன் தன் ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் சேசிஸை ஒரு குத்து குத்தினான். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

"அக்கா, இங்க குனிஞ்சு பாரு. இது இரும்பு இல்ல, அப்பளம்."

பாக்கியலட்சுமி குனிந்து பார்த்தாள். துருவின் செதில்கள் ஜான்சனின் மார்பில் உதிர்ந்து கிடந்தன. அது போன வருஷத்து ஆடி மாதம். உப்பளங்களில் வெயில் கொளுத்தி உப்பு மலைமலையாக விளைகிற நேரம். அந்த நேரத்தில்தான் அவளுடைய மினி லாரிக்கு எஃப்.சி. வரும். பழைய வண்டி என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓட்டலாம் என்று சான்று வாங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் ஜான்சனிடம் காட்ட வேண்டும். ஜான்சனிடம் காட்டினால் சும்மா திரும்பி வர முடியாது.

சேசிஸில் அங்கங்கே பட்டை வைத்து வெல்டிங், புது பிரேக் பைப், பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகள், பாடிக்கு அடியில் அரித்துப்போன குறுக்குச் சட்டங்கள் என்று வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. சீசனின் நடுவில் வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. அவளுடைய லோடுகளை மற்ற வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். தை மாதத்திலிருந்து சேர்த்த லாபம் ஜான்சனின் வெல்டிங் பொறியோடு பறந்தது.

வண்டியை ஒப்படைக்கும்போது அவன் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் ஒட்டுப்போட்டு ஓட்டிட்டேன்க்கா. அடுத்த எஃப்.சி.க்கும் இதே கதின்னா ஒட்டுறதுக்கு எடமே இருக்காது. எடைக்குத்தான் போடணும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாத."

எடைக்குப் போடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பல வருஷம் அளத்தில் தலைச்சுமையாய் உப்பு சுமந்தவள் அவள். குழுக்கடன் வாங்கி, கைமாறிய வண்டி ஒன்றைப் பிடித்து, கணவன் செல்லப்பனை ஓட்ட வைத்து, சின்னச் சின்ன அளக்காரர்களிடம் உப்பு வாங்கிக் கருவாடு போடுகிறவர்களுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற யாவாரத்தைத் தானே உண்டாக்கியிருந்தாள். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் அவளுக்கு வாடிக்கை இருந்தது. வண்டி போனால் யாவாரம் போகும். மறுபடியும் தலையில் கூடை ஏறும்.

வண்டியைக் கவனிக்காமல் விட்டவளும் இல்லை. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தியின் வாட்டர் சர்வீஸில் நிறுத்தி, அடிப்பக்கம் வரை பீய்ச்சி அடிக்கச் சொல்வாள். பிறகு பழைய என்ஜின் ஆயிலில் டீசல் கலந்து சேசிஸ் முழுக்கப் பூசுவார்கள். எல்லா உப்பு வண்டிகளுக்கும் அதுதான் வழக்கம். அப்படியும் துரு தின்றது.

"கடல் காத்துடி. அதோட யாரு மல்லுக்கட்ட முடியும்?" என்பான் செல்லப்பன்.

புரட்டாசி முடிவில் ஒரு ஞாயிறு. வண்டியைக் கழுவிவிட்டு வரும் வழியில் செல்லப்பன் டீ குடிக்க இறங்கினான். ஆயில் பூசுகிற பையன் வரவில்லை என்பதால் வண்டி வெறுமனே வெயிலில் நின்றது. கதவோரம் காத்திருந்த பாக்கியலட்சுமியின் கண் மட்கார்டில் பட்டது. தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த விளிம்பில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஏடு.

அவள் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் வண்டியில் அல்ல. அளத்துப் பாத்தியில் கட்டிய தண்ணீர் வெயிலில் சுண்டும்போது கரையோரத்தில் முதலில் இப்படித்தான் பூக்கும். விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"ஏங்க! இங்க வாங்க!"

"டீ ஆறிடும்டி."

"ஆறட்டும். வந்து இத நக்கிப் பாருங்க."

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லப்பன் கூச்சத்தோடு வந்து, விரலில் தொட்டு, முகத்தைச் சுளித்தான். "உப்பு. உப்பு வண்டியில உப்பு இருக்காம சக்கரையா இருக்கும்?"

"இப்பத்தான கழுவுனோம்? அடிச்ச அடியில பெயின்ட்டே பேந்துடும் போல இருந்துது. அப்புறம் எங்கேருந்து வந்துது?" அவள் குரல் தாழ்ந்தது. "வண்டிய நாம கழுவலீங்க. பாத்தி கட்டித் தண்ணி பாய்ச்சி, அதுல உப்பு வெளைய வெச்சிட்டு இருக்கோம். அது மேல ஆயிலயும் பூசி, உள்ளயே மூடி வெக்கிறோம்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு கலியமூர்த்தியிடம் போனார்கள். பைப்பைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். துப்பினாள்.

"ஏம்மா, அத்த ஏன் குடிக்கிற? உள்ள கேன் தண்ணி வெச்சிருக்கேனே!" என்று பதறினான் கலியமூர்த்தி.

"உன் போர் தண்ணி இவ்ளோ கரிக்குதேண்ணா?"

"இது இன்னா கேள்வி? உப்பளத்துப் பக்கத்துல போர் போட்டா பன்னீரா வரும்? எல்லார் ஊட்லயும் இதான்."

அவன் சொன்னது உண்மை. அந்தக் கரையில் குடிக்கத்தான் கேன் தண்ணீர். பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வண்டி கழுவவும் போர் தண்ணீர். கரிப்பது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. தெரிந்தே இருந்ததால்தான் யாரும் அதை நினைக்கவில்லை. ஊரே உப்பை உப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தது.

இனி நல்ல தண்ணீர் வேண்டும். மேற்கே உள்ளே தள்ளிப் போனால் ஏரிப் பாசனத்து ஊர்கள். அங்கே விருத்தாம்பாள் என்ற விவசாயியின் நிலத்தில் பம்புசெட் இருந்தது. பாக்கியலட்சுமியின் வண்டி அவளுக்கு எரு ஏற்றி இறக்கிய பழக்கம் உண்டு. மறுநாளே வண்டி அங்கே போய் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் விருத்தாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"உப்பு வண்டிய எங் கொல்லியில கழுவப் போறியா? நல்லா இருக்குதே நாயம்! அந்தத் தண்ணி மல்லாட்டைக்குப் போனா ஒரு செடி நிக்குமா? எங் குடியக் கெடுக்கவா வண்டி கட்டிக்கினு வந்த?"

செல்லப்பன் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பிவிட்டான். பாக்கியலட்சுமி இறங்காமலும் போகாமலும் படியில் ஒரு கால் வைத்து நின்றாள். விருத்தாம்பாள் கேட்டதில் தப்பே இல்லை. உப்பு பட்ட மண்ணில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வராது. நெல்லும் வராது. அவள் பார்வை வரப்பைத் தாண்டி, நிலத்தின் கடைசித் தாழ்வில் நின்ற தென்னைகளுக்குப் போயிற்று.

"யக்கா, போன வருஷம் எங்கிட்ட ரெண்டு மூட்டை உப்பு கேட்டு வாங்கினியே, எதுக்கு?"

"தென்னம்புள்ள நட்டேன். குழியில போட. அதுக்கு இப்ப இன்னா?"

"பெரிய மரத்துக்கும் வெக்கிறதானே?"

"வெப்பேன். வெச்சாத்தான் குலை நிக்கும்."

"அப்ப வண்டியத் தோப்புக்குள்ள வுட்டுக் கழுவுறேன். தண்ணி அந்தப் பள்ளத்தத் தாண்டி மேல ஏறாது. ஒரே மரத்துக்கடியில நிக்காம வாராவாரம் எடம் மாத்திக்கிறேன். திரும்பும்போது வெறும் வண்டியாத்தான் போவேன், உன் தேங்காய ஏத்திக்கினு போய் நீ சொல்ற எடத்துல எறக்கறேன். வண்டி வாடகை வேணாம்."

விருத்தாம்பாள் தென்னையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. "மல்லாட்டைப் பக்கம் ஒரு சொட்டு வந்துது, உன் டயர்ல காத்து இருக்காது, பாத்துக்கோ."

"வந்தா நானே புடுங்கி வுட்டுட்டு நடந்து போறேன்க்கா."

அப்படித் தொடங்கியது. வாரத்தின் கடைசி லோடு முடிந்ததும் வண்டி கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஓடும். ஹோஸைப் பிடித்துக்கொண்டு பாக்கியலட்சுமியே சாக்கு விரித்து அடியில் படுப்பாள். சேசிஸின் இடுக்குகளில் பழைய உப்பு கெட்டிப்பட்டிருந்தது. நனைத்து, சுரண்டி, மறுபடி நனைத்து எடுத்தாள். பழைய ஆயில் பிசுக்கையும் டீசல் விட்டுத் துடைத்து எறிந்தாள். கடைசியில் ஓடி வழிகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கரிக்கிற வரைக்கும் பம்பு நிற்காது. பிறகு வண்டி நன்றாகக் காய வேண்டும். காய்ந்த பின்தான் ஆயில்.

டீக்கடையில் சும்மா விடுவார்களா?

"இன்னா செல்லப்பா, வாரா வாரம் பொண்டாட்டியையும் வண்டியையும் குளிப்பாட்டத் தோப்புக்குக் கூட்டிக்கினு போறியாமே?" என்றார் இன்னொரு லாரிக்காரர் தேசப்பன். "டீசலுக்குக் கேடு!"

செல்லப்பனுக்கும் ஆரம்பத்தில் அந்த டீசல் உறுத்தத்தான் செய்தது. "அவரு சொல்றதும் சரிதானடி" என்று ஒருநாள் முனகினான். "டீசல் நம்ம கையில இருந்து போவுது. துரு நம்மள எடைக்கடைக்குக் கொண்டுபோவுது. எது வேணும்?" என்றாள். அதற்குப் பிறகு அவன் முனகவில்லை. மார்கழியில் அவனும் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து அடியில் நுழைந்தான்.

இந்த ஆடியும் வந்தது. ஜான்சனின் ஷெட்டுக்கு வண்டியை எடுத்துப் போன காலையில் பாக்கியலட்சுமி கஞ்சி குடிக்கவில்லை. ஷெட்டுக்கு வந்தும் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஜான்சன் அடியில் நுழைந்தான். தட்டுகிற சத்தம் கேட்டது, சுரண்டுகிற சத்தம் கேட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

"டேய் ஜான்சா, உயிரோட இருக்கியா?" என்றான் செல்லப்பன்.

"இருக்கேண்ணா. குத்தறதுக்கு எடம் தேடறேன்." அவன் தலையை வெளியே நீட்டினான். முகமெல்லாம் ஆயில். "எங்க குத்தினாலும் வழுக்குது. போன வருஷம் நான் வெச்ச ஒட்டு அப்பிடியே இருக்குது. பிரேக் லைனர் மாத்தணும், ஒரு லைட் எரியல, ஒரு கோட் பெயின்ட் அடிக்கணும். அவ்ளோதான்."

"வெல்டிங்?"

"இன்னாத்த வெல்டிங் பண்றது? அக்கா, உன்ன மாதிரி நாலு பேரு கெளம்புனா நான் சிலிண்டர வித்துட்டு அளத்துக்குத்தான் வரணும்."

"வா. தலைச்சுமைக்கு ஆள் பத்தல" என்றாள். அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கினாள்.

எஃப்.சி. அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்தார், பிரேக் அடித்துப் பார்த்தார், பிறகு டார்ச் வாங்கி அடியில் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"இதுல என்னம்மா லோடு ஏத்தறீங்க?"

"உப்பு சார்."

"மரக்காணத்து உப்பு வண்டி எத்தனையோ பார்த்திருக்கேன். ஒண்ணும் அடியில இப்படி இருந்தது இல்ல. நெஜத்தச் சொல்லும்மா."

செல்லப்பன் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். பலகை இடுக்கில் நகத்தை விட்டு நாலு கல் உப்பை நோண்டி எடுத்து, பிரசாதம் மாதிரி கையில் ஏந்திக்கொண்டு வந்தான். "நேத்து லோடு சார். வாயில போட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "வேணாம்ப்பா. எனக்கு பிபி இருக்கு." சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றக்கூட பாக்கியலட்சுமி நிற்கவில்லை. நடுப்பகலுக்குள் வண்டி அளத்தில் நின்றது. உச்ச சீசன், பாதி வண்டிகள் எஃப்.சி. வேலைக்காக ஷெட்டுகளில் படுத்திருந்தன. உப்பை அம்பாரமாகக் குவித்துவிட்டு வண்டி கிடைக்காமல் காத்திருந்த அளக்காரர்கள் அவளைக் கண்டதும் கூப்பிட்டார்கள். தேசப்பனும் வரப்பில் நின்றிருந்தார். அவர் லாரி ஜான்சனின் ஷெட்டில் இருந்தது.

"யம்மா பாக்கியம்," என்று தொண்டையைச் செருமினார். "அந்தத் தோப்பு எந்த ஊர்ல கீது?"

"சொல்றேண்ணா. மல்லாட்டைப் பக்கம் மட்டும் வண்டிய வுட்டுடாத. அந்த யக்கா டயரப் புடுங்கிடும்."

மூட்டைகள் ஏறின. தார்ப்பாய் கட்டியாயிற்று. ஈ.சி.ஆரில் வண்டி தெற்கே திரும்பியபோது பாக்கியலட்சுமி ஜன்னலோரம் தானாகச் சிரித்துக்கொண்டாள்.

"இன்னாடி?" என்றான் செல்லப்பன்.

"அடுத்த வருஷ எஃப்.சி.ய நெனச்சேன்."

"அதுக்கு யாராவது சிரிப்பாங்களா?"

"பயம் வரல. அதான் சிரிப்பு வருது. நீங்க கொஞ்சம் வெரசாப் போங்க, பொழுது சாயறதுக்குள்ள இன்னொரு லோடு அடிக்கணும்."

செல்லப்பன் கியரை மாற்றினான்.