வாங்கில் இருந்த நாற்பத்தேழு கொப்பிகள்

நெடுந்தீவின் மேற்குக் கரையில் மாக்கிறேற்றைத் தெரியாதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் நேற்றுப் படகில் வந்து இறங்கியவராகத்தான் இருப்பார். ஐம்பத்தெட்டு வயது. வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். படகுகள் வந்தால் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றுவது அவள் தொழில். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மட்டும் அதை விட்டுவிட்டு வேறொரு உத்தியோகம் பார்ப்பாள். சம்பளமும் இல்லை, அதைச் செய் என்று யாரும் சொன்னதும் இல்லை.

அந்த வியாழன்தான் கிளினிக் நாள். சலரோகம் என்கிற சீனி வருத்தம், பிறசர் உள்ளவர்களைப் பார்க்க டொக்டர் மாதா கோயில் மண்டபத்துக்கு வருவார். எட்டு மணிக்கு நம்பர் கொடுப்பார்கள். என்ன கூத்து இது! கடலுக்குப் போனவன் கரையேறவே ஒன்பதரை ஆகும். அவன் மனைவி மீனைக் கழற்றி ஏற்றி முடிக்கப் பத்து. அதனால் முதல்நாள் மாலையே எல்லோரும் டொக்டர் மருந்து எழுதித் தரும் தங்கள் கிளினிக் கொப்பியை மாக்கிறேற்றிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் விடியற்காலையில் போய், ஆட்கள் குந்திக் காத்திருக்கும் மண்டபத்து நீள வாங்கில் அவற்றை வரிசையாக வைப்பாள். கொப்பி இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அதை எவரும் தள்ளி வைக்க மாட்டார்கள். முறை நெருங்கும்போது போன் எடுப்பாள்.

"கத்தரீனா, அடுத்தது நீ. வலையைப் போட்டிட்டு ஓடி வா!"

இப்படிப் பதினாலு வருசம். கத்தரீனாவின் ஒரு கொப்பியில் தொடங்கியது நாற்பத்தேழாகிவிட்டது. உறையைப் பார்க்காமல் தொட்டே இது யாருடையது என்று சொல்லுவாள். நாற்பத்தேழில் ஒன்று அவள் புருசன் பஸ்ரியாம்பிள்ளையுடையது. சலரோகம் அவருடைய வலது காலில் ஒரு விரலை ஏற்கனவே கொண்டுபோய்விட்டது. பக்கத்து விரலில் ஒரு புண். மாதாமாதம் டொக்டர் பார்த்து, நேர்ஸ் மருந்து கட்டி, அது இப்போதுதான் வாடத் தொடங்கியிருந்தது.

புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. மேற்குக் கரைக் கிளினிக்குக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள், ஆகவே அதை இறங்குதுறைப் பக்கத்துக் கிளினிக்கோடு சேர்க்க உத்தேசம், மக்கள் கருத்தைக் கேட்கச் செவ்வாய் காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம் என்று இருந்தது.

"ஆறு பேரோ? ஆர் இந்தக் கணக்கை எடுத்தது?" என்று மாக்கிறேற் கத்தினாள். கத்தி முடிக்க முன்னரே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன மாதக் கிளினிக் அன்று, ஓகஸ்ட் பதினாலாம் திகதி, தர்சினி என்று ஒரு திட்டமிடல் உத்தியோகத்தர் வந்தாள். எட்டு மணிக்கு மண்டபத்தில் இருந்தவர்களை எண்ணி எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். அந்த நேரம் இருந்தது ஐந்து கிழடுகளும் மாக்கிறேற்றும். மற்றவர்கள் கொப்பியாக வாங்கில் கிடந்தார்கள்.

ஊருக்கு உதவி செய்கிறேன் என்று ஊரையே மறைத்து வைத்தவள் அவள்தான். இறங்குதுறைப் பக்கம் போவதென்றால் ஏழு கிலோமீற்றர் கல்லு றோட்டு. அந்தக் காலோடு பஸ்ரியாம்பிள்ளை போக மாட்டார். போகாவிட்டால் அடுத்த விரலும் போகும்.

திங்கள் மாலை வீடுவீடாக ஏறி இறங்கினாள்.

"செவ்வாய் பத்து மணிக்கோ அக்கா? மீனை வெயிலிலை போட்டிட்டு வர ஏலுமே?" என்றாள் கத்தரீனா. "என்ரை கொப்பியைக் கொண்டுபோய் வையுங்கோவன்."

"கூட்டத்துக்கு ஆரும் கொப்பி வைக்கிறதோடி? உனக்கென்ன விசரோ?"

திட்டினாள், கொப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதே கதை. ஊர் சுற்றி முடிய, பை நிறைந்திருந்தது.

செவ்வாய் பத்து மணி. மண்டபத்தில் அறுபது பிளாஸ்டிக் கதிரைகள். முன்னால் மேசையில் தர்சினி, பக்கத்தில் கந்தோரிலிருந்து வந்த இரண்டு ஐயாமார். வேறு ஒரு குருவியும் இல்லை.

"அம்மா, ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?"

மாக்கிறேற் பையைத் திறந்து, கதிரைக்கு ஒன்றாகக் கொப்பிகளை வைத்துக்கொண்டு போனாள். ஐயாமார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அவசரப்படவில்லை. கடைசிக் கொப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வந்திருக்கினம், பிள்ளை. எண்ணும்."

"இது கொப்பியெல்லோ அம்மா?"

"அண்டைக்கும் இதுதான் வாங்கிலை இருந்தது. நீர் தலையை மட்டும் எண்ணிப்போட்டுப் போனனீர். திறந்து பாரும்."

தர்சினி எழுந்து வந்து ஒன்றைத் திறந்தாள். ஓகஸ்ட் பதினாலு, முத்திரை, டொக்டரின் கையெழுத்து. அடுத்ததைத் திறந்தாள். அதிலும் ஓகஸ்ட் பதினாலு. மூன்றாவது வரிசைக்கு வரும்போது ஐயாமாரின் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பத்தேழையும் பார்த்து முடித்து, தர்சினி ஒரு கதிரையில் இருந்தாள்.

"நான் பிழை விட்டிட்டன், அம்மா."

"நானும்தான் விட்டனான்" என்றாள் மாக்கிறேற். "என்ரை மனுசன்ரை கால் போயிடும், பிள்ளை. அதுதான் வந்தனான்."

தர்சினி கையிலிருந்த கொப்பியைக் கதிரையில் திருப்பி வைத்தாள். பிறகு சொன்னாள்: "கொப்பியிட்டைக் கருத்துக் கேக்க ஏலாது. ஆக்களை எப்ப பாக்கலாம்?"

"இதை முதலே கேட்டிருக்கலாமே! ஞாயிறு, பூசை முடிய வாரும்."

ஞாயிறு அறுபது கதிரையும் போதவில்லை. "உங்களுக்கு எத்தனை மணி வசதி?" என்று தர்சினி கேட்டாள். பதினாலு வருசத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. ஒருத்தி பதினொன்று என்றாள், ஒருவன் இரண்டு என்றான், சண்டை மூண்டது. மாக்கிறேற் ஒரு சத்தம் போட்டாள், அடங்கியது. கிளினிக் இங்கேயே நடக்கும், பதினொரு மணிக்குத் தொடங்கும் என்று எழுதிக்கொண்டு போனாள் தர்சினி. ஐப்பசியில் அது உறுதியாகிக் கடிதமாகவும் வந்தது.

அடுத்த கிளினிக்குக்கு முதல்நாள் மாலை. மாக்கிறேற் இரண்டு தரம் படலையடிக்குப் போய்ப் பார்த்தாள். ஒருவரும் கொப்பியோடு வரவில்லை. பின்னே ஏன் வருவார்கள்? பதினொரு மணிக்குள் கரை வேலை முடித்து எல்லோரும் தாங்களே வந்துவிடுவார்களே. கேட்டது கிடைத்ததே என்று சந்தோசம்; ஆனாலும் வெறும் பையைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

காலையில் பஸ்ரியாம்பிள்ளை தன் கொப்பியை நீட்டினார்.

"இந்தா, இதையாவது கொண்டுபோய் வை."

"தேவையில்லை. இனி ஆளைத்தான் எண்ணுவினம். எழும்புங்கோ."

மண்டபம் இருநூறு மீற்றர் தூரம். பொல்லை ஊன்றி, இரண்டு இடத்தில் நின்று, அவர் வந்து சேர்ந்தார். இத்தனை வருசமும் முறை வந்த பிறகு ஓட்டோவில் வந்து நேரே உள்ளே போகிறவர். அந்த வாங்கில் ஒரு நாளும் இருந்ததில்லை.

"எங்கை இருக்கிறது?" என்று கேட்டார்.

மாக்கிறேற் மூன்றாவது இடத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"உங்கட கொப்பி எப்பவும் இருக்கிற இடம் இதுதான். இருங்கோ."